காலை கேசரோல் சொதப்பினால் எங்கே பார்ப்பது: அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

காலை கேசரோல் என்பது எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி ஓவனில் வேகவைக்கும் காலை உணவு. முட்டை, பால், பிரெட், சீஸ், கொஞ்சம் காய்கறி, இவ்வளவுதான். ராத்திரியே ஒரு தட்டில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் ஓவனுக்குள் தள்ளிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம், வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடலாம், ஒருவர் மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டு ஆளுக்கொரு ஆம்லெட் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இதற்காகவே எனக்கு இந்தச் சமையல் மேல் அவ்வளவு பிரியம். ஆனால் சுலபம் என்று நம்பிச் செய்தவர்கள் பலர் முதல் தடவையிலேயே வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நடுவில் வேகவில்லை, அடியில் தண்ணீர் நின்றது, ரப்பர் மாதிரி இருந்தது என்று ஏதோ ஒன்று. உடனே ஓவன் மேல் பழியைப் போடுகிறார்கள், அல்லது செய்முறையில் போட்டிருந்த நிமிடக் கணக்கின் மேல்.

பெரும்பாலும் தப்பு ஓவனில் இல்லை. தட்டு ஓவனுக்குள் போவதற்கு முன்னாலேயே ஈரம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததா என்பதுதான் கேள்வி. பாலும் முட்டையும் பிரெட்டுக்குள் போயிருக்க வேண்டும், காய்கறியின் தண்ணீர் வாணலியிலேயே ஆவியாகிப் போயிருக்க வேண்டும். இந்த இரண்டையும் கவனித்தாலே கீழே உள்ளதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் ஒரு அடிப்படை அளவு சொல்லிவிடுகிறேன், உங்கள் அளவை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். 23 × 33 செ.மீ. தட்டு, 5 செ.மீ. ஆழம். 8 பெரிய முட்டை, 600 மி.லி. கொழுப்பு நீக்காத பால், துண்டு போட்ட பிரெட் சுமார் 400 கிராம், துருவிய சீஸ் 200 கிராம், வதக்கிய காய்கறி இரண்டு கப், உப்பு ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக, மிளகுத்தூள். 175 முதல் 180 டிகிரி செல்சியஸில் 45 முதல் 55 நிமிடம், வெளியே எடுத்த பிறகு 10 முதல் 15 நிமிடம் சும்மா விட வேண்டும். சின்னக் குடும்பமாக இருந்தால் 20 செ.மீ. சதுரத் தட்டு எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அப்படியே பாதியாக்குங்கள், பரப்பளவும் ஏறக்குறைய பாதிதான் வரும், ஆழம் மாறாது. நேரம் மட்டும் கொஞ்சம் குறையும், 35 நிமிடத்திலேயே பார்க்க ஆரம்பித்துவிடுங்கள்.

சரி, உங்கள் தட்டில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள்.

வெட்டினால் அடியில் தண்ணீர் நிற்கிறது

அதிகம் பேரைப் படுத்துவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு மூலையில் ஒரு துண்டை எடுத்துவிட்டுத் தட்டை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். அங்கே வந்து சேரும் நீர் எப்படி இருக்கிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது.

பால் கலந்த மாதிரி மஞ்சளாக, கொழகொழவென்று இருந்தால் அது தண்ணீரே இல்லை, வேகாத முட்டைக் கலவை. அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். தெளிந்த நீராக இருந்து, முட்டைப் பகுதியும் மிருதுவாக இருந்தால் அது காய்கறி விட்ட தண்ணீர். காளான் போட்டிருந்தால் பழுப்பாக, கீரை போட்டிருந்தால் லேசான பச்சையாக இருக்கும், தக்காளி என்றால் இளஞ்சிவப்பு. மூன்றாவது, நீர் தெளிவாக இருக்கிறது, ஆனால் வெட்டிய பக்கத்தில் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிகின்றன, தொட்டால் கெட்டியாக இருக்கிறது. அப்படியென்றால் முட்டை அதிகமாக வெந்து தன்னிடம் இருந்த தண்ணீரைத் தானே வெளியே தள்ளியிருக்கிறது. அதற்கு மருந்து ரப்பர் பகுதியில் இருக்கிறது.

காய்கறித் தண்ணீருக்கு வருவோம். காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், தக்காளியிலும் சுக்கினியிலும் (வெள்ளரி மாதிரி இருக்கும் பூசணி வகைக் காய்) சுமார் 95 சதவீதம். பச்சையாகப் போட்டால் அந்தத் தண்ணீர் எல்லாம் தட்டுக்குள்தான் இறங்கும், வேறு வழி கிடையாது. வதக்கித்தான் போட்டேன் என்று சொல்பவர்களும் பாதியில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். காளானை அகலமான வாணலியில் போட்டு ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து வதக்கும்போது சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் சுர்ரென்று ஒரு சத்தம், அது சீக்கிரமே அடங்கிவிடும், ஏனென்றால் உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வந்து காளான் அதிலேயே மிதந்துகொண்டு கொதிக்க ஆரம்பிக்கும். நிறையப் பேர் இந்த இடத்தில் வெந்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுகிறார்கள். இன்னும் விடுங்கள். தண்ணீர் சுண்டச் சுண்டச் சத்தம் மெல்ல மாறும், மறுபடி எண்ணெயில் பொரிகிற அந்த உலர்ந்த சுர்ர் சத்தம் வரும், ஓரங்களில் பொன்னிறம் ஏறும், கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடி காய்ந்து தெரியும். அப்போதுதான் இறக்க வேண்டும். இறக்கியதையும் குவியலாக வைக்காமல் அகலமான தட்டில் பரப்பி ஆற விடுங்கள், அதில் இன்னும் கொஞ்சம் ஆவி போய்விடும், சூட்டோடு முட்டையில் கொட்டி அங்கங்கே திரிந்துபோகும் தொல்லையும் இருக்காது.

குடைமிளகாய், வெங்காயம், சுக்கினி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். உறைந்த பசலைக்கீரை என்றால் முழுக்க உருக விட்டு, சுத்தமான துணியில் கட்டி, இனி ஒரு சொட்டும் வராது என்கிற வரை பிழியுங்கள். கையால் பிழிவது போதாது, துணிதான் சரி. தக்காளியை விதையும் சாறும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் போடலாம், அல்லது வட்டமாக வெட்டி மேலே மட்டும் அடுக்கலாம், மேலே இருந்தால் ஓவன் சூட்டில் அதுவே காய்ந்துகொள்ளும்.

இப்போதே தட்டில் தண்ணீர் நிற்கிறது, எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால்: ஒரு மூலைத் துண்டை எடுத்துவிட்டுத் தட்டைச் சாய்த்து நீரைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள், மிச்சத்தைச் சமையலறைக் காகிதத்தில் ஒற்றி எடுங்கள், முட்டை இன்னும் மிருதுவாக இருந்தால் மூடாமல் ஐந்தாறு நிமிடம் மறுபடி ஓவனில் வையுங்கள். சுவை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மேலே நல்ல நிறம், நடுவில் மட்டும் வேகவில்லை

மேல் நிறத்தைப் பார்த்து எடுத்தால் இப்படித்தான் ஆகும். மேலே இருப்பது சீஸ், அது சீக்கிரம் சிவந்துவிடும், நடுவில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பார்க்க வேண்டிய இடம் தட்டின் நட்டநடு. தட்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். மேல்பரப்பு மொத்தமும் ஒன்றாகச் சேர்ந்து துளி அசைந்தால் சரி, நடுவில் மட்டும் அலை அடித்தால் இன்னும் நேரம் வேண்டும். கத்தியை நடுவில் செங்குத்தாக இறக்கி இரண்டு விநாடி வைத்து எடுங்கள். பால் மாதிரி ஈரம் வழிந்தால் வேகவில்லை, ஈரமான பிரெட் துணுக்கு ஒட்டியிருந்தால் பரவாயில்லை. சீஸ் நூல் போல வந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, பக்கத்தில் வேறு இடத்தில் குத்துங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. நடுப்பகுதி குறைந்தது 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், முட்டைச் சமையலுக்குப் பாதுகாப்பான அளவு அது. இறைச்சியும் சேர்த்திருந்தால் 74 வரை போகட்டும். சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் சாப்பிடும் வீட்டில் நடுப்பகுதி கொழகொழவென்று இருப்பதை அப்படியே பரிமாறாதீர்கள், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உடனடி வழி: மேலே அலுமினியம் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்தி மறுபடி உள்ளே வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பாருங்கள். வெட்டிவிட்ட பிறகுதான் தெரிந்தது என்றாலும் கவலை இல்லை, துண்டுகளை அப்படியே நெருக்கி வைத்து மூடி 165 டிகிரியில் வைத்தால் வெந்துவிடும்.

ஏன் இப்படி ஆனது என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்று நான்கு காரணங்கள்தான். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்த தட்டு நேராக ஓவனுக்குள் போயிருக்கும். செய்முறையில் போட்டிருக்கும் நேரம் அப்போதே கலந்து வைத்த தட்டுக்கானது என்றால் குளிர்ந்த தட்டுக்கு 10 முதல் 15 நிமிடம் கூடவே பிடிக்கும். அல்லது ஓவன் சரியாகச் சூடாகியிருக்காது. விளக்கு அணைந்ததும் தயார் என்று எடுத்துக்கொள்ளாமல் அதற்கு மேலும் ஒரு பத்து நிமிடம் விடுங்கள், உள்சுவர்களும் சூடாக வேண்டும். அல்லது குமிழில் 180 என்று காட்டினாலும் உள்ளே 160தான் இருக்கும், இது வீட்டு ஓவன்களில் சகஜம், உள்ளே வைக்கும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துவிட்டால் கேக், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் உதவும். கடைசிக் காரணம் ஆழம். ஆட்கள் அதிகம் என்று அளவை இரட்டிப்பாக்கி ஒரே ஆழமான தட்டில் நிரப்பிவிடுகிறார்கள். ஓரம் கருகும் வரை நடு வேகாது. இரண்டு தட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பாதி நேரத்தில் மேல் அடுக்கில் இருப்பதையும் கீழ் அடுக்கில் இருப்பதையும் இடம் மாற்றி வையுங்கள்.

ரப்பர் போல இழுக்கிறது, ஓட்டை ஓட்டையாக இருக்கிறது

அதிகமாக வெந்துவிட்டது. முட்டையில் உள்ள புரதம் சூடு ஏற ஏற ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலை போல ஆகிறது, அந்த வலைக்குள் பாலும் தண்ணீரும் தங்கி நிற்பதால்தான் நமக்கு அந்த மிருதுவான பதம் கிடைக்கிறது. பால் கலந்த முட்டை ஏறக்குறைய 80 டிகிரியை நெருங்கும்போது நன்றாக இறுகி நிற்கும். அதற்கு மேலும் சூடு ஏறினால் வலை சுருங்கிக்கொண்டே போய் உள்ளே இருப்பதைப் பிழிந்து வெளியே விடும். கெட்டித்தனம், ஓட்டைகள், அடியில் தெளிந்த நீர் மூன்றும் ஒன்றாக வருவது இதனால்தான்.

எனவே தட்டை முழுக்க இறுகும் வரை உள்ளே வைத்திருக்காதீர்கள். நடுவில் இன்னும் துளி அசைவு இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுங்கள், தட்டில் இருக்கும் சூட்டிலேயே அடுத்த பத்து நிமிடத்தில் மிச்சம் வெந்துவிடும். சும்மா விட வேண்டும் என்று சொல்லும் அந்த 10 முதல் 15 நிமிடம் சமையலின் ஒரு பகுதி, பசி தாங்கவில்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

நேரம் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் கெட்டியாக வருகிறது என்றால் அளவைப் பாருங்கள். ஒரு முட்டைக்கு 70, 75 மி.லி. பால் என்பது பிரெட் கேசரோலுக்கு நல்ல கணக்கு. பாலைக் குறைத்தால் ஆம்லெட் பக்கம் போகும், ரொம்பக் கூட்டினால் இறுகவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். கொழுப்பு நீக்கிய பால் ஊற்றினால் பதம் கொஞ்சம் ரப்பர் மாதிரியும் நீர் விட்டும் வரும், பாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு கிரீம் சேர்த்தால் வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். முட்டையை நுரை பொங்க அடிக்காதீர்கள், காற்று புகுந்தால் ஓட்டை விழும். கரண்டியோ முள்கரண்டியோ வைத்துக் கலக்கினாலே போதும்.

ஓரம் ரப்பர், நடு பச்சை, இரண்டும் ஒரே தட்டில் வருகிறதா? சூடு அதிகம். கறுப்பு நிற உலோகத் தட்டாக இருந்தால் ஓரம் இன்னும் சீக்கிரம் கெட்டியாகும். 160, 165க்கு இறக்கி நேரத்தைக் கூட்டுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் செய்முறையில் சொன்னதிலிருந்து 20 டிகிரி குறைத்தே ஆரம்பிக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சின்ன ஓவனில் மேல் கம்பி ரொம்பப் பக்கத்தில் இருக்கும், அதில் செய்பவர்கள் தட்டைக் கீழ் அடுக்கில் வைக்க வேண்டும்.

பிரெட் கரைந்து கூழ் மாதிரி ஆகிவிட்டது

புதிதாக வாங்கிய மெத்தென்ற பிரெட்டைப் போட்டிருப்பீர்கள். அதில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது, மேலும் குடிக்க இடம் இல்லை, ஊறியதும் உருவமே இல்லாமல் கரைந்துவிடும். ஒன்றிரண்டு நாள் பழைய பிரெட்தான் இதற்கு ஏற்றது, காய்ந்த பஞ்சு தண்ணீரை இழுப்பது போல அது கலவையை இழுத்துக்கொண்டு தன் வடிவத்தோடும் நிற்கும். பழையது இல்லையென்றால் இரண்டரை செ.மீ. துண்டுகளாக வெட்டி 150 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் காய வையுங்கள், நிறம் மாற வேண்டாம், தொட்டால் வெளியே மொறமொறப்பாக இருந்தால் போதும், பிறகு ஆற விடுங்கள்.

ஊறும் நேரமும் பிரெட்டைப் பொறுத்தது. மேல்தோல் தடித்த கெட்டியான பிரெட் ராத்திரி முழுக்க ஊறலாம், அதற்கு அது தேவையும்கூட. சாண்ட்விச் பிரெட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் தாராளம். அதை ராத்திரியே செய்துவைத்தே ஆக வேண்டுமென்றால் பிரெட், சீஸ், காய்கறியைத் தட்டில் அடுக்கி ஒரு மூடி, முட்டைப் பால் கலவையைத் தனிப் பாத்திரத்தில் ஒரு மூடி, இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எழுந்ததும் ஊற்றுங்கள். பல் தேய்த்து வருவதற்குள் ஊற ஆரம்பித்திருக்கும்.

கூழாகி ஏற்கெனவே வெந்துவிட்டது என்றால் அதை மாற்ற முடியாது, ஆனால் வீணாக்க வேண்டாம். ஆற வைத்துத் துண்டு போட்டு, தோசைக்கல்லிலோ வாணலியிலோ வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கப் புரட்டி எடுங்கள். குழந்தைகள் சில சமயம் இதைத்தான் மறுபடி கேட்பார்கள்.

மேலே பிரெட் காய்ந்து கட்டை, கீழே ஊறிப்போய் கிடக்கிறது

ஊற்றிய கலவை அடியில் இறங்கிவிட்டது, மேல் துண்டுகளுக்கு எட்டவே இல்லை. ஊற்றும்போது ஒரே இடத்தில் கொட்டாமல் சுற்றிச் சுற்றி ஊற்றுங்கள், ஊற்றியதும் கரண்டியின் பின்பக்கத்தால் பிரெட்டை மெதுவாக அழுத்துங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு தடவை. ராத்திரி ஊற வைத்தால் ஒட்டும் பிளாஸ்டிக் தாளை பிரெட் மேலேயே படும்படி அழுத்தி மூடினால் மேல் துண்டும் ஈரமாக இருக்கும், ஓவனில் வைக்கும் முன் அந்தத் தாளை எடுத்துவிட வேண்டும். முதல் 25, 30 நிமிடம் ஃபாயில் மூடி, பிறகு திறந்து வையுங்கள். ஃபாயிலின் உள்பக்கம் வெண்ணெய் தடவ மறக்காதீர்கள், இல்லையென்றால் சீஸ் எல்லாம் ஃபாயிலோடு வந்துவிடும்.

மேலே கருகிவிட்டது

சீஸ் முழுவதையும் ஆரம்பத்திலேயே மேலே தூவிவிட்டால் 50 நிமிடத்தில் கருகத்தான் செய்யும். முக்கால் பங்கைப் பிரெட்டோடு கலந்துவிட்டு மிச்சத்தைக் கடைசி 10, 15 நிமிடத்தில் தூவுங்கள். கருகிய தோலை உரித்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் சீஸ் தூவி மூன்று நிமிடம் வைத்தால் யாருக்கும் தெரியாது.

எண்ணெய் மிதக்கிறது

சாசேஜ், பன்றி இறைச்சி போடுபவர்கள் முதலில் நன்றாக வேக வைத்து, கொழுப்பை வடித்து, காகிதத்தில் ஒற்றிய பிறகே சேர்க்க வேண்டும். பச்சை இறைச்சியைக் கேசரோலிலேயே வெந்துவிடும் என்று போடாதீர்கள், எண்ணெய்க்காக மட்டும் சொல்லவில்லை. இறைச்சியே இல்லாமல் எண்ணெய் நின்றால் சீஸ்தான் காரணம். நாள்பட்ட கெட்டி செடார் அதிகச் சூட்டில் எண்ணெயைப் பிரித்துவிடும். பாதி செடார், பாதி மொசரெல்லா மாதிரி எளிதில் உருகும் ஒன்று என்று கலந்துகொள்ளுங்கள். முன்பே துருவி விற்கும் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவுப் பொருள் சேர்த்திருப்பார்கள், அது சீராக உருகாது, கட்டியாக வாங்கி நீங்களே துருவினால் நன்றாக இருக்கும்.

பச்சையாக, சாம்பலாக நிறம் மாறுகிறது

பார்த்தால் கெட்டுப்போன மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். முட்டை ரொம்ப நேரம் சூட்டில் இருந்தால் வெள்ளைக்கருவிலிருந்து வரும் கந்தகமும் மஞ்சள் கருவில் உள்ள இரும்பும் சேர்ந்து அந்தப் பச்சை கலந்த சாம்பல் நிறம் வருகிறது. அதிகம் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றி வரும் வளையமும் இதேதான். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. எல்லோரும் எழுந்து வரட்டும் என்று குறைந்த சூட்டில் ஓவனுக்குள்ளேயே ஒரு மணி நேரம் வைத்திருந்தால் இது வர வாய்ப்பு அதிகம். அப்படிக் காத்திருப்பதைவிட வெளியே எடுத்து மூடி வைத்து, வருபவர்களுக்குத் துண்டைத் தனியாகச் சூடாக்கிக் கொடுங்கள். கீரையின் நிறம் அக்கம்பக்கத்தில் பரவியிருந்தால் அது வேறு விஷயம், அதைச் சரியாகப் பிழியவில்லை.

அங்கங்கே வெள்ளை வெள்ளையாக முட்டைக் கட்டி

முட்டையும் பாலும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால் வெள்ளைக்கரு நழுவி நழுவிப் போகும். முதலில் முட்டையையும் உப்பையும் மட்டும் நூல் போல இழுபடுவது நிற்கும் வரை அடித்துவிட்டு, அப்புறம் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

உப்பு சரியில்லை

பச்சை முட்டைக் கலவையை நக்கிப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு ஸ்பூன் கலவையை வாணலியில் ஊற்றி வேகவைத்து ருசி பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. அதில் உப்பு துளி தூக்கலாக இருக்க வேண்டும், ஏனென்றால் பிரெட் அதை அடக்கிவிடும். சாசேஜும் செடாரும் ஏற்கெனவே உப்பு, அவை இரண்டும் இருந்தால் கலவையில் பாதி உப்பு போதும். சப்பென்று முட்டை வாடை மட்டும் தூக்கலாகத் தெரிகிறது என்பவர்கள் அரை டீஸ்பூன் கடுகுத்தூள், நிறைய மிளகு, நன்றாகச் சிவக்க வதக்கிய வெங்காயம் சேர்த்துப் பாருங்கள், வாடை அடங்கும்.

உப்பி வந்தது, வெளியே எடுத்ததும் அமுங்கிவிட்டது

இது கோளாறு இல்லை. உள்ளே இருந்த ஆவியும் காற்றும் சூட்டில் விரிந்து தூக்கின, ஆறியதும் இறங்கின. எல்லாக் கேசரோலும் இப்படித்தான். நடுவில் மட்டும் பள்ளம் விழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அங்கே வேகவில்லை.

ஒட்டிக்கொள்கிறது, வெட்டினால் உதிர்கிறது

வெண்ணெயை அடியில் மட்டும் தடவாமல் நான்கு பக்கமும் விளிம்பு வரை தடவுங்கள், முட்டை அதிகம் பிடிப்பது பக்கச் சுவரில்தான். உதிர்வதற்குக் காரணம் அவசரம், அல்லது பிரெட்டும் காய்கறியும் அதிகம், பிடித்துக்கொள்ள முட்டை போதவில்லை. வதக்கிய காய்கறி இரண்டு கப் என்றால் இரண்டே கப், ஃபிரிட்ஜில் மிச்சம் கிடப்பதை எல்லாம் அள்ளிப் போட்டால் துண்டு நிற்காது.

உருளைக்கிழங்கு வேகாமல் நறுக் நறுக்கென்று இருக்கிறது

பிரெட்டுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு போடுபவர்களின் குறை இது. முட்டை 80 டிகிரியிலேயே இறுகிவிடும், உருளைக்கிழங்கு பூப்போல வேக அதைவிட அதிகச் சூடும் நேரமும் வேண்டும். இரண்டும் ஒரே தட்டில் பச்சையாக உள்ளே போனால் கிழங்குக்காகக் காத்திருக்கும்போது முட்டை ரப்பராகிவிடும். கிழங்கை முக்கால் பதம் வேகவைத்தோ வதக்கியோதான் போட வேண்டும். பச்சையாகத் துருவி ராத்திரி வைத்தால் கறுத்தும் போகும். உறைந்த துருவல் வாங்கினால் உருக விட்டு, ஈரத்தை ஒற்றி எடுத்து, வாணலியில் ஒரு புரட்டு புரட்டிவிட்டுச் சேருங்கள்.

கண்ணாடித் தட்டு பற்றி

அறிகுறி வந்த பிறகு பார்க்க முடியாத ஒன்று என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற கண்ணாடித் தட்டைக் கொதிக்கும் ஓவனுக்குள் நேராக வைத்தால் தட்டு வெடித்துச் சிதறலாம். 20 முதல் 30 நிமிடம் வெளியே வைத்துக் குளிர் இறங்கிய பிறகு வையுங்கள், ஆனால் முட்டைக் கலவை என்பதால் மணிக்கணக்கில் வெளியே விட்டுவிடவும் கூடாது. சூடான கண்ணாடித் தட்டை ஈரமான மேடையில் வைப்பதும் அதே ஆபத்து, மரப் பலகையோ காய்ந்த துணியோ போட்டு அதன் மேல் வையுங்கள்.

மறுநாள் சூடாக்கினால் நீர் விட்டு, கெட்டியாகிவிடுகிறது

மைக்ரோவேவ் முழு வேகத்தில் ஓடினால் முட்டை இரண்டாவது தடவை வெந்து பிழிகிறது. பாதி வேகத்தில் ஒரு துண்டாக, மேலே மூடி, ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து, பிறகு அரை அரை நிமிடமாகக் கூட்டுங்கள். நிறையத் துண்டுகள் என்றால் ஃபாயில் மூடி 160 டிகிரி ஓவனில் 15, 20 நிமிடம், நடுவில் 74 டிகிரி வரும் வரை. ஓவனிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், 3 முதல் 4 நாள் வரை வைத்துச் சாப்பிடலாம். ஃபிரீசரில் வைப்பதானால் முழுக்க ஆறியதும் துண்டு துண்டாகச் சுற்றி வையுங்கள், இரண்டு மாதம் வரை ருசி நன்றாகவே இருக்கும், முதல் நாள் இரவே ஒரு துண்டை ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டால் காலையில் சூடாக்குவது மட்டும்தான் வேலை. காளானும் தக்காளியும் போட்டதை மட்டும் ஃபிரீசருக்கு அனுப்பாதீர்கள், உருகும்போது மறுபடி தண்ணீர் விடும்.